ஐந்து பிட்டில் ஒரு சாப்டாச்சா

1. ஜீப்

பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் வீட்டு வாசலில் அரசாங்க ஜீப் வந்து நின்றபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை. ஜீப் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என் வலது காது அதற்குள் முழுதாகப் போய்விட்டிருந்தது, இடது காது பாதிதான். கணவர் ஆல்பர்ட் சமையலறைக்கு வந்து தோளைத் தட்டி, முகத்துக்கு நேராக நின்று சொன்னார்.

"ரேடியோவைக் கண்காணிக்கிற ஆபீஸ்லேருந்து ஆள் வந்திருக்காரு. உன் பேரைச் சொல்லிக் கேக்கறாரு. என்ன பண்ணி வெச்சே ரெஜினா?"

"ஒண்ணும் பண்ணல. மீன் கழுவறேன்."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். வந்தவர் பெயர் நஞ்சுண்டப்பா. நெற்றியில் விபூதி, கையில் ஒரு கட்டு காகிதம். கன்னடக்காரர். ஆனால் கன்டோன்மென்ட் பக்கம் பல வருஷம் வேலை பார்த்தவர்போலத் தமிழில் சமாளித்தார். காகிதக் கட்டை மேசையில் பிரித்து வைத்தார். எல்லாம் கம்ப்யூட்டரில் அச்சடித்தது. ஒற்றை ஒற்றை எழுத்தாகக் குப்பை. நடுநடுவே, வரிக்கு ஒன்றிரண்டு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரே சொல்: சாப்டாச்சா.

"மேடம், இது ஏனு கோட் வேர்டு? தினா பூரா வர்து. ஞாயிற்றுக்கிழமையும் வர்து. உங்க குரூப்ல எஷ்டு ஸ்டேஷன், எத்தனை பேர் இருக்காங்க?"

ஹாம் ரேடியோ லைசென்ஸ், அதாவது வீட்டிலிருந்தே பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோவில் பேசும் உரிமம், வைத்திருப்பவர்கள் வெளிப்படையான மொழியில்தான் பேச வேண்டும், ரகசியச் சங்கேதம் கூடாது. இது எங்கள் பரீட்சையில் தவறாமல் வரும் கேள்வி. மீறினால் லைசென்ஸ் போகும். நஞ்சுண்டப்பா அதைக் கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

அதைக் கேட்டு நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2. காது போன பிறகு

நான் வேலை பார்த்தது பொம்மசந்திராவில் பவர் சப்ளை போர்டு செய்யும் ஒரு கம்பெனியில். டெஸ்ட் பெஞ்சுதான் என் இடம். போர்டு வரும், கரண்ட் கொடுத்துப் பார்ப்பேன், சரியில்லை என்றால் ஏன் என்று கண்டுபிடிப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹாம் லைசென்ஸ் எடுத்தேன். மோர்ஸ் பரீட்சையில் என்னோடு எழுதிய ஆம்பளைகள் பாதிப் பேர் கோட்டைவிட, நான் முதல் தடவையிலேயே பாஸ். இந்தப் பெருமையை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்வேன். இப்போதும் சொல்லிவிட்டேன்.

பிறகு காது நரம்பு கெட ஆரம்பித்தது. வீட்டில் பேசுவதை முகம் பார்த்து ஒப்பேற்றலாம். ரேடியோவில் முகம் ஏது? எதிரில் இருப்பவர் ஒரு தடவை சொல்வார், இரண்டு தடவை சொல்வார், மூன்றாவது தடவை நான் "மறுபடி சொல்லுங்க" என்றால் மரியாதையாக விடைபெற்றுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் ரிக்கை அணைத்துவிட்டு அழுதிருக்கிறேன். ரிக் என்பது நாங்கள் ரேடியோ பெட்டிக்குச் சொல்லும் பெயர்.

என்னைக் காப்பாற்றியது கம்ப்யூட்டர். ரேடியோவிலிருந்து வரும் ஒலியை ஒயர் போட்டு சவுண்ட் கார்டில் கொடுத்தால், புரோகிராம் அதை எழுத்தாக மாற்றித் திரையில் காட்டும். நான் கீபோர்டில் அடிப்பது அதேபோல ஒலியாகி வெளியே போகும். கடல் தாண்டி ஆட்களோடு மறுபடியும் பேச ஆரம்பித்தேன். பேச்சு என்றால் எழுத்துதான், ஆனால் யாரும் மூன்றாவது தடவை ஓடிப்போகவில்லை.

3. எண்ணிப் பார்த்த புரோகிராம்

மூர்த்தி மல்லேஸ்வரத்துக்காரர். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஹாம். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், ஆபீஸில் ஆங்கிலம், கோபம் வந்தால் மூன்றும். அப்போது கிடைத்த டிஜிட்டல் முறைகள் எங்கள் பழைய கம்ப்யூட்டரில் திணறின. பேட்டரியில் ஓடும் குறைந்த பவர் ரிக்கிலும், எங்கள் ஊர் மின்கம்பி இரைச்சலிலும் தாக்குப்பிடிக்கிற மாதிரி நாமே ஒன்று எழுதுவோம் என்று இறங்கினோம். ரேடியோ பக்கம் என்னுடையது, புரோகிராம் பக்கம் அவருடையது.

குறைந்த பவரில் வேகம் கிடைக்காது. ஆகவே அனுப்புவதில் பிட் என்கிற 0, 1 ஒவ்வொன்றையும் மிச்சம் பிடிக்க வேண்டும். மோர்ஸிலேயே இதற்கு வழி உண்டு. ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து E, அதற்கு ஒரே ஒரு புள்ளி. அபூர்வமாக வரும் எழுத்துக்கு நீளமான குறியீடு. மூர்த்தி இதை ஒரு படி மேலே கொண்டு போனார். எழுத்துக்கு மட்டும் ஏன், அடிக்கடி வரும் சொல்லுக்கும் ஒரு சின்ன குறியீடு கொடுத்தால் என்ன?

எந்தச் சொல் அடிக்கடி வருகிறது என்று யார் சொல்வது? அதற்கு முன் சில வருஷமாக பெங்களூருக்குள் நாங்கள் சிலர் ரேடியோ மூலம் கம்ப்யூட்டரில் அரட்டை அடித்தது எல்லாம் மூர்த்தியின் டிஸ்கில் சேர்ந்து கிடந்தது. அதை எடுத்துப் புரோகிராமில் போட்டார். புரோகிராம் எண்ணியது. எதைச் சுருக்கினால் அதிக மிச்சம் என்று தானே பார்த்து, தானே அட்டவணை போட்டது. நாங்கள் டெஸ்ட் செய்தோம், நன்றாக ஓடியது, அட்டவணையை வரி வரியாக யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை.

அதை வெளியிடும்போதுதான் ஒரு சண்டை.

"சோர்ஸ் கோடு குடுத்துடலாம் மேடம். வார்த்தை டேபிளை மட்டும் நம்மகிட்டயே வெச்சுக்கலாம். நாளைக்கு யாராவது கம்பெனிக்காரன் கேட்டா விலை பேசலாம்."

"டேபிள் இல்லாம ஒருத்தன் எப்படிப் படிப்பான்?"

"நம்ம புரோகிராமை வாங்கித்தான் படிக்கணும்."

"அப்ப அது ஹாம் ரேடியோ இல்ல மூர்த்தி, ரகசிய சங்கம். நாளைக்கு யாராவது வந்து கேட்டா என் லைசென்ஸ்தான் போகும், உன் கம்பெனி வேலை போகாது."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. காது கேட்காதவர்களுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. மூர்த்தி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோர்ஸ், அட்டவணை, விளக்கம் எல்லாவற்றையும் இணையப் பக்கத்தில் போட்டார். சந்தேகம் கேட்க வேண்டிய முகவரி என்ற இடத்தில் என் வீட்டு முகவரியைப் போட்டார். பழிவாங்கினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

4. இன்புட்டைப் பிடுங்கு

ஜீப்புக்கு வருகிறேன்.

நஞ்சுண்டப்பா அந்த முகவரியை வைத்துத்தான் வந்திருந்தார். எங்கள் புரோகிராமைத் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கி, ஒரு ரிசீவரோடு இணைத்து ஓடவிட்டிருக்கிறார். அதில் வந்ததுதான் அந்தக் காகிதக் கட்டு.

நான் முதலில் சிரித்துவிட்டேன். "சார், இது நாங்கதான். நானும் மூர்த்தின்னு ஒருத்தரும். சாப்டாச்சான்னு கேட்டுக்குவோம்."

"மங்களவாரம் மத்தியானம் யாரு கேட்டாங்க?"

செவ்வாய்க்கிழமை மதியம் நான் பொம்மசந்திராவில் டெஸ்ட் பெஞ்சில் இருந்தேன். மூர்த்தி அவர் ஆபீஸில். எங்கள் புரோகிராமை இறக்கிக்கொண்டு கடிதம் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்கள் எதற்குச் சாப்டாச்சா என்று கேட்கப் போகிறார்கள்? என் சிரிப்பு நின்றுவிட்டது. எங்களுக்குத் தெரியாமல் யாரோ எங்கள் முறையில் புகுந்து ஏதோ செய்கிறார்கள் என்றே நினைத்தேன்.

மூர்த்திக்குப் போன் போடச் சொன்னேன். பஜாஜ் ஸ்கூட்டரில் அவர் வந்து சேரும்வரை நஞ்சுண்டப்பா காபி குடித்துக்கொண்டு என் ரிக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூர்த்தி வந்ததும் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், நீங்க எப்பப் பார்த்தாலும் சாப்டாச்சான்னு கேக்கறீங்களே, அதான் இது."

"நானா? நீதான கேக்கறே? நான் பதில்தான போடறேன்!"

"நான் கேக்கவே இல்லியே. நானும் பதில்தான் போடறேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நஞ்சுண்டப்பா எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சந்தேகம் இப்போது இரட்டிப்பாகியிருக்கும்.

டெஸ்ட் பெஞ்சில் நான் கற்ற முதல் பழக்கம் ஒன்று உண்டு. போர்டு புரியாத மாதிரி நடந்துகொண்டால், முதலில் இன்புட்டைப் பிடுங்கு. எதுவுமே கொடுக்காதபோது என்ன வருகிறது என்று பார். என் கம்ப்யூட்டரைப் போட்டு, புரோகிராமை ஓட்டி, ஆன்டெனா ஒயரை ரிக்கிலிருந்து கழற்றினேன். திரையில் எழுத்துகள் ஓடின. குப்பை, குப்பை, சாப்டாச்சா. ரிக்கையே அணைத்தேன். அப்போதும் வந்தது. கடைசியில் சவுண்ட் கார்டில் செருகியிருந்த ஒயரையும் பிடுங்கி நஞ்சுண்டப்பா கையில் கொடுத்தேன். அவர் ஒயர் நுனியைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

சாப்டாச்சா.

மூர்த்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். அட்டவணையைத் திறந்தார். புரோகிராம் எண்ணியபோது எங்கள் அரட்டையில் மிக அதிகம் வந்த சொல்லாக அது இருந்திருக்கிறது. ஹாம்கள் வழக்கமாக முதலில் சிக்னல் எப்படி, ஊர் எது என்று கேட்பார்கள். நாங்கள் யார் வந்தாலும் முதலில் சாப்டாச்சா என்றுதான் கேட்டிருக்கிறோம், சில வருஷமாக, தினமும். ஆங்கிலத்தில் எட்டெழுத்துச் சொல், அத்தனை தடவை. ஆகவே அந்தப் பாழாய்ப்போன புரோகிராம் அதற்கு வெறும் ஐந்து பிட்டில் ஒரு குறியீடு கொடுத்திருக்கிறது. மற்ற சொற்களுக்கெல்லாம் நீளமான குறியீடு.

வெறும் இரைச்சலில் பிட்டுகள் கண்டபடி வரும். கண்டபடி வருவதில் சின்ன குறியீடுகள்தான் அடிக்கடி அமையும். மற்றவர்கள் முறைகளில் இரைச்சல் வந்தால் இரண்டொரு எழுத்து தெறிக்கும், அவ்வளவுதான். எங்கள் முறையில் இரைச்சல் சாப்பாடு விசாரித்தது. குப்பை எழுத்துகளைக் கண் தாண்டிப் போய்விடும். முழுச் சொல் வந்தால் நின்றுவிடும். அதுவும் அந்தச் சொல். வேறு எதுவாக இருந்தாலும் ஒரே நாளில் சந்தேகப்பட்டிருப்போம். சாப்டாச்சா என்று வந்தால் எந்தத் தமிழர் சந்தேகப்படுவார்? இரண்டு மாதமாக நான் மல்லேஸ்வரத்தில் மூர்த்தி கேட்கிறார் என்றும், அவர் பிரேசர் டவுனில் நான் கேட்கிறேன் என்றும், ஆளுக்கொரு பக்கம் இரைச்சலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்குச் சமைத்த குழம்பு முதற்கொண்டு.

நஞ்சுண்டப்பா கேட்டார், "சாப்டாச்சா அந்த்ரே? ஊட்டா ஆய்த்தா?"

ஊட்டா ஆய்த்தா. கன்னடத்தில் சாப்பாடு ஆச்சா; அவர்கள் வீட்டிலும் வாசலுக்கு வருபவரிடம் முதலில் கேட்பது அதுதான். "ஆமா சார், அதேதான்" என்றேன். அவர் ஒயரை மேசையில் வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

5. படிச்சேன், புரியல

சிரித்து முடித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பழையபடி அதிகாரி ஆனார்.

"ஆனா மேடம், அஞ்சு பிட்டுக்கு ஒரு வார்த்தை. இது கோட்தானே?"

"மோர்ஸும் கோட்தான் சார்."

"மோர்ஸ் புக்ல இருக்கு. எல்லாருக்கும் கொத்து, தெரியும்."

"இதுவும் பேஜ்ல இருக்கு. ஒளிச்சு வெச்சிருந்தா நீங்க எப்படிப் படிச்சிருப்பீங்க?"

"படிச்சேன். புரியலியே! படிக்கறதுக்கு நீங்க எல்லாம் குடுத்திருக்கீங்க. அர்த்தம் எங்க குடுத்திருக்கீங்க?"

அவர் கேட்டது நியாயம். அட்டவணையில் பிட் இருந்தது, சொல் இருந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் அந்தச் சொல் என்னவென்று தெரிய வழி இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் வெளிப்படையான ஆங்கிலத்தில் பொருள் எழுதி, யாரும் பார்க்கும்படி வெளியிட்டு, ஒரு பிரதியைத் தன் ஆபீஸுக்கு அனுப்பும்படி சொன்னார். மேலிடம் பார்த்து முடிவு சொல்லும். அதுவரை ஒலிபரப்பக் கூடாது.

ஜீப் போன பிறகு மூர்த்தி, "அந்த வார்த்தையையே தூக்கிடலாம் மேடம். மானம் போகுது" என்றார்.

தூக்க முடியாது என்றேன். அட்டவணை ஏற்கெனவே முன்பின் தெரியாத நாலைந்து பேர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறது. நாம் இங்கே ஒரு வரியை மாற்றினால் அங்கே எல்லாமே பிசகிப்போகும். வெளியிட்டதை நம் வெட்கத்துக்காக மாற்றக் கூடாது. அவருக்கும் அது தெரியும், ஆனாலும் முணுமுணுத்தார்.

சரி, பொருள் எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். மற்ற சொற்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டன. இந்த ஒரு சொல்லுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. "உணவு உண்டாயிற்றா" என்று மட்டும் எழுதினால், இது என்ன, இந்த ஊரில் பஞ்சமா என்று நினைப்பார்கள். நலம் விசாரிப்பு என்று மட்டும் எழுதினால் சாப்பாடு காணாமல் போகிறது. கடைசியில் மூர்த்தி இப்படி எழுதினார்: "தமிழ்ச் சொல். உணவு உண்டாயிற்றா என்று கேட்டு நலம் விசாரிப்பது. கேட்பவர் உணவு தருவதாகப் பொருள் இல்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தருவதா பொருள் இல்லியா? வீட்டுக்கு வந்தவன் இல்லன்னு சொன்னா சோறு போடாம அனுப்புவியா நீ?"

"ஸ்பெசிஃபிகேஷன் மேடம் இது. கிளியரா இருக்கணும்."

"கிளியரா எழுது, நேர்ல வந்தா தரப்படும்னு."

அதையும் எழுதினார். அப்படியே அச்சாகி ஆபீஸுக்குப் போனது. அதோடு ஒரு மாற்றமும் செய்தோம். இரைச்சலை மறைத்தால் மெலிந்த சிக்னலும் மறைந்துபோகும், மறைக்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். மெலிந்த குரலில் பேசுகிறவரைக் கேட்காததுபோல ஒதுக்குவது எனக்கு ஆகாது. ஆகவே மூர்த்தி, நிச்சயமில்லாத எழுத்துகள் சாம்பல் நிறத்திலும், உண்மையான சிக்னல் கறுப்பிலும் தெரியும்படி செய்தார்.

பதில் வர வாரங்கள் ஆயின. அந்த நாட்களில் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மற்றவர்கள் பேசுவது கறுப்பில் ஓடும், நான் பதில் போட முடியாது. ஆல்பர்ட் என்னிடம் முன்பைவிட அதிகம் பேசினார், எதிரில் வந்து நின்று, பொறுமையாக. நல்ல மனிதர். ஆனாலும் லைசென்ஸ் போய்விட்டால் என் உலகம் இந்த ஒரு முகத்தோடு நின்றுவிடுமே என்ற பயம் விடவில்லை. அதை அவரிடமே சொன்னேன். "இந்த முகத்துக்கு என்ன குறை?" என்றார்.

அனுமதி வந்தது. அதோடு திரும்பி வந்த எங்கள் தாளின் பிரதியில், நேரில் வந்தால் தரப்படும் என்ற வரிக்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு இழுத்திருந்தார்கள். நஞ்சுண்டப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.

6. நார்வேக்காரர்

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு மாலை, மாதா கோவிலுக்குப் போய்வந்து ரிக்கைப் போட்டேன். நார்வேயிலிருந்து ஓலாவ் என்ற ஒருவர் கிடைத்தார். எங்கள் புரோகிராமை இறக்கிக்கொண்டவர், விளக்கத்தையெல்லாம் ஒழுங்காகப் படித்தவர். முதல் தடவை பேசுகிறோம். வழக்கமான விஷயங்கள் ஆயின. சிக்னல் எப்படி, எத்தனை வாட் பவர், ஆன்டெனா எவ்வளவு உயரம். இத்துடன் பெரும்பாலும் விடைபெற்றுவிடுவார்கள்.

கை பழக்கத்தில் சாப்டாச்சா என்று அடித்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் சாம்பல் நிறம்தான் ஓடியது. பிறகு கறுப்பில் வந்தது: "இல்லை."

எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பதில் சொல்வதில்லை. பசியோடு இருந்தாலும் ஆச்சு என்பார்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி வந்தது: "நீங்கள் கேட்டதால் போய்ச் சாப்பிட்டு வருகிறேன். இருப்பீர்களா?"

இருப்பேன் என்று அடித்தேன். ஆனால் மாலை நேரம், அலைவரிசை எப்போது வேண்டுமானாலும் அடைந்து, தொலைதூர சிக்னல் நின்றுபோகும். போனால் அந்த மனிதரை மறுபடி பிடிக்க முடியுமா என்று தெரியாது. நாற்காலியை விட்டு எழவில்லை. திரையில் சாம்பல் நிறக் குப்பை ஓடிக்கொண்டே இருந்தது. நடுநடுவே சாம்பல் நிறத்தில் சாப்டாச்சாவும் வந்தது. அதற்கெல்லாம் நான் பதில் போடவில்லை. ஆல்பர்ட் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கறுப்பு எழுத்து வந்தபோது மெலிதாகத்தான் இருந்தது, பாதி எழுத்துகள் விட்டுப்போயிருந்தன. ஆனாலும் படிக்க முடிந்தது.

"உருளைக்கிழங்கு. மீன். மனைவி இறந்து ஒரு வருஷம். ரேடியோவில் தினமும் பேசுகிறேன். எல்லாரும் ஆன்டெனா உயரம்தான் கேட்கிறார்கள்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆல்பர்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஓலாவுக்கு, எங்கள் வீட்டிலும் இன்று மீன்தான் என்று அடித்தேன். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். புளி என்றால் என்ன என்று விளக்குவதற்குள் அலைவரிசை அடைந்துபோனது.

இப்போது ரேடியோவுக்குப் புரோகிராம் எழுத வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சோர்ஸைத் திறந்து வையுங்கள், அட்டவணையையும் திறந்து வையுங்கள், பொருளையும் எழுதி வையுங்கள். நீங்கள் யோசிக்காமல் அதற்குள் போட்ட ஒரு சொல்லை, எங்கோ ஒருவர் ஒரு வார்த்தை விடாமல் படித்து உண்மையென்றே எடுத்துக்கொள்வார். நீங்கள் கேட்டதற்கு அவர் இல்லை என்று சொன்னால், அவர் சாப்பிட்டு வரும்வரை எழுந்து போகாதீர்கள்.